எப்படிச் செத்தான் என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள்

"குடித்துச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" 2024 ஜூன் மாதக் கடைசியில் இந்தக் கேள்வி எழாத டீக்கடை தமிழ்நாட்டில் இருந்திருக்காது. தொலைக்காட்சி விவாதங்களில் கேட்டார்கள், வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டார்கள், கடைசியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்காகவே போட்டுக் கேட்டார்கள். செத்தவர்கள் என்ன சுதந்திரப் போராட்டத் தியாகிகளா, சமூகத்துக்காக உயிரை விட்டவர்களா என்பது வாதம். தொகை கொஞ்சம் அதிகம்தானே என்ற எண்ணம் நீதிமன்றத்தின் கேள்வியிலும் வெளிப்பட்டது. இன்றைக்கும் கள்ளக்குறிச்சி என்ற பெயரை எடுத்தால் படித்தவர், படிக்காதவர், கட்சிக்காரர், கட்சி இல்லாதவர் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்லும் கருத்து இதுதான். இந்தக் கருத்து தவறு. எங்கே தவறு என்பதைக் கடைசிவரை பேசிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நடந்தது தெரிந்த கதை. ஜூன் 18 அன்று, காவல் நிலையமும் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில், பாக்கெட் சாராயம் வாங்கிக் குடித்த கூலிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது, வாந்தி வந்தது, கண் இருண்டது. சாராயத்தில் கலந்திருந்த மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அது முதலில் கைவைப்பது கண் நரம்பில். மறுநாள் முதல் சாவுகள் விழுந்தபோது இது கள்ளச்சாராயத்தால் அல்ல என்றது மாவட்ட நிர்வாகம். அந்த வார்த்தையை நம்பியவர்கள் அன்றும் குடித்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நான்கு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஆம்புலன்ஸ் ஓடியது. 65 பேருக்கு மேல் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே போய், பிள்ளைகள் மட்டும் மிஞ்சிய வீடும் உண்டு.

அரசு அறிவித்தவற்றில், இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் என்பது மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. மீதியையும் சொல்லியாக வேண்டும். தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய், பட்டப்படிப்பு வரைக்கும் கல்விச் செலவு, விடுதிச் செலவு, பெயரில் 5 லட்சம் வைப்புத் தொகை. ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 லட்சம் வைப்புத் தொகை. 18 வயது நிறைந்ததும் வட்டியோடு எடுத்துக்கொள்ளலாம். 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின் நடுவில், இதே அரசு கோவிட்டில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அறிவித்த திட்டத்தின் அச்சு இது. அன்றும் இதே 5 லட்சம், 3 லட்சம். மாதத் தொகை 3,000. கோவிட் திட்டம் வந்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கு அதே திட்டம் வந்தபோது ஊரே சுளித்தது. திட்டமும் ஒன்று, பிள்ளைகளும் ஒன்று. வேறுபட்டது அப்பன் செத்த விதம் மட்டும்.

குடித்துச் செத்தவனுக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. அவனைக் கோமுகி நதி ஓரத்தில் எரித்தாகிவிட்டது. பணம் போவது அவன் விட்டுச்சென்றவர்களுக்கு. நாலாவது படிக்கும் ஒரு பெண் குழந்தையின் பெயரில் வங்கியில் போடும் மூன்று லட்சத்தை "குடிகாரனுக்குக் கொடுத்த பணம்" என்று சொல்ல வேண்டுமானால், தகப்பன் செய்த பிழைக்கு மகள் தண்டம் கட்ட வேண்டும் என்று நம்ப வேண்டும். கோயில் திண்ணையிலோ பேருந்திலோ நேருக்கு நேர் கேட்டால் ஒருவரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பத்து லட்சம் என்ற எண்ணைக் கேட்டவுடன் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

"இப்படிக் கொடுத்தால் குடி பெருகும்" என்பது இரண்டாவது வாதம். கொஞ்சம் நிதானித்து யோசித்தால் இது நிற்காது. சாயங்காலம் மூட்டை தூக்கி இறங்கியவன் பாக்கெட் வாங்குவது அது அரசின் டாஸ்மாக் கடைக் குவார்ட்டரைவிட மலிவாகக் கிடைப்பதால். செத்தால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு அவன் குடிப்பதில்லை. 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனாலுக்கு இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோதும் பத்து லட்சம் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு கருணாபுரத்தில் சாவு விழுந்தது அந்தப் பத்து லட்சத்தால் அல்ல. ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால் தடையில்லாமல் பாக்கெட்டுக்கு வந்ததால்.

"வரிப்பணம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023–24-இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். ஒரு நாளைக்கு 125 கோடிக்கு மேல். மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்குச் சாத்தும் கடைகள் அவை. கள்ளக்குறிச்சியில் இறந்தவர்களின் குடும்பங்கள் அத்தனைக்கும் கொடுத்த தொகை, அந்தக் கடைகள் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஈட்டிக்கொடுக்கும் தொகை. குடிப்பவனின் பணத்தை ஆண்டு முழுவதும் வாங்கிக்கொள்ளும் சமூகம், அவன் செத்த அன்று அவன் பிள்ளையிடம் மட்டும் ஒழுக்கம் பேசுவது நியாயம் அல்ல.

எதிர்த்தரப்பில் ஒரே ஒரு வாதத்துக்கு மட்டும் எடை உண்டு. அதை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு ஆலை வெடித்துச் செத்தவர் குடும்பத்துக்கு அதே காலத்தில் மூன்று லட்சம்தான் கொடுத்தார்கள். உழைத்துச் செத்தவளுக்கு மூன்று, குடித்துச் செத்தவனுக்குப் பத்து. இது என்ன நீதி என்று விருதுநகர்க்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அநீதி இருப்பது உண்மை. ஆனால் அதைச் சரிசெய்ய கருணாபுரத்துப் பிள்ளையிடமிருந்து ஏழு லட்சத்தைப் பிடுங்கினால் சாத்தூர்ப் பிள்ளைக்கு ஒரு ரூபாயும் கூடாது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்றால், தொகையைச் சாவை வைத்துத் தீர்மானிப்பதை முதலில் நிறுத்த வேண்டும். எத்தனை பேர் ஒரே நாளில் செத்தார்கள், எத்தனை கேமரா வந்தது, சட்டமன்றம் நடந்துகொண்டிருந்ததா என்பதெல்லாம் பிள்ளையின் வயிற்றுக்குத் தெரியாது.

என் குற்றச்சாட்டும் இந்த நிவாரணத்தின் மேல்தான். ஊர் சொல்வதற்கு நேர் எதிரான குற்றச்சாட்டு. அதிகம் கொடுத்தார்கள் என்பது பிழை. தகுதியான பிள்ளைகளில் மிகக் கொஞ்சம் பேருக்கு, தவறான நேரத்தில், தவறான வடிவத்தில் கொடுத்தார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு அரசுப் பள்ளி ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பிள்ளையின் தாயும் தகப்பனும் 2024 ஜூனில் பாக்கெட் குடித்து இறந்தார்கள். மாதம் 5,000. இரண்டாவது பிள்ளையின் தகப்பன் அதே இரவில் அதே சாராயம் குடித்தார். பிழைத்துக்கொண்டார், கண் போய்விட்டது. சிகிச்சை பெற்றவர் என்ற கணக்கில் 50,000 ரூபாய். சாவு இல்லாததால் பிள்ளை பெயரில் வைப்புத் தொகை இல்லை. செத்தவரின் சம்பளம் நின்றதுபோலவே இவர் சம்பளமும் நின்றது. கூடவே கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஓர் ஆளும் வேண்டும், பெரும்பாலும் அந்த ஆள் பிள்ளைதான். மூன்றாவது பிள்ளையின் தகப்பன் பத்து வருடம் அரசுக் கடையில் முத்திரை ஒட்டிய பாட்டில் வாங்கிக் குடித்து, ஈரல் சுருங்கி, வயிறு வீங்கி, நாற்பது வயதில் செத்தார். வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயர் இருந்தால் தேசியக் குடும்ப நல உதவித் திட்டத்தில் ஒரு தடவை 20,000. தாய்க்கு விதவை ஓய்வூதியம் கிடைத்தால் மாதம் 1,200. பிள்ளைக்கென்று தனியாக ஏதும் தானாக வராது. நான்காவது பிள்ளையின் தாய் காசநோயில் போனார். அந்தப் பிள்ளைக்கும் ஏதும் தானாக வராது. நான்கு பேருக்கும் மத்தியானம் ஒரே சத்துணவு. பெஞ்சை விட்டு எழுந்து வீட்டுக்குப் போனதும் நான்கு விதமான அரசு.

இந்த வேறுபாட்டை உண்டாக்கியது குடியை வெறுக்கும் மனநிலை மட்டும் அல்ல. "அனாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் போதும்" என்ற, கருணையாகத் தோன்றும் இன்னொரு பொதுக்கருத்தும் சேர்ந்துதான் உண்டாக்கியது. கோவிட் காலத்தில் அது என்ன செய்தது என்று பார்க்கலாம். 2022 ஜனவரியில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கணக்குக் கொடுத்தது. 2020 ஏப்ரல் தொடங்கி, கோவிட்டாலும் மற்ற காரணங்களாலும், நாடு முழுக்கத் தாய் அல்லது தகப்பன் அல்லது இருவரையும் இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களுமாக 1,47,492 பிள்ளைகள். அதில் இருவரையும் இழந்தவர்கள் 10,094 பேர். ஒருவரை இழந்தவர்கள் 1,36,910 பேர். பிரதமரின் பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டம், 23 வயதில் பத்து லட்சம் என்று பெரிதாகப் பேசப்பட்ட திட்டம், எடுத்துக்கொண்டது பெற்றோரை முழுமையாக இழந்த பிள்ளைகளை மட்டும், அதுவும் கோவிட் சாவு என்று காகிதம் காட்டியவர்களை. சேர்ந்தவர்கள் நாலாயிரத்து ஐநூற்றுச் சொச்சம். ஒருவரை இழந்த ஒரு லட்சத்து முப்பத்தாறாயிரம் பிள்ளைகளின் வீடுகளில் பெரும்பாலும் போனது சம்பாதிக்கும் ஆள். மிச்சமிருந்தது கடனும், வேலை போன ஒரு தாயும். "தாய் இருக்கிறாளே" என்று நாம் சமாதானம் சொல்லிக்கொண்டோம். தாய் இருப்பதால் அரிசி தானாக வேகாது.

தென்னாப்பிரிக்கா இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போய் முட்டிக்கொண்டு திரும்பிய நாடு. எய்ட்ஸ் அங்கே ஒரு தலைமுறைப் பெற்றோரைத் தின்றபோது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்க்கும் பாட்டிகளுக்கு வளர்ப்புப் பெற்றோர் உதவித்தொகை கொடுக்கலாம் என்றார்கள். அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். இலட்சக்கணக்கான பாட்டிகள் நீதிமன்ற வாசலில் நின்றார்கள். சமூகப் பணியாளர்கள் அந்தக் காகிதம் எழுதுவதிலேயே மூழ்கினார்கள். ஆணைகள் காலாவதியாகி உதவி நின்றது. அடிபட்ட, கெடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லாமல் போனது. அதே நாட்டில் 1998-இல் சிறியதாகத் தொடங்கிய இன்னொரு உதவி உண்டு. வீடு ஏழை வீடா, பிள்ளை யாரிடம் வளர்கிறது என்ற இரண்டு கேள்வி மட்டும். பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா, எப்படிச் செத்தார்கள் என்ற கேள்வியே இல்லை. ஏழு வயதுக்குக் கீழே என்று ஆரம்பித்து 18 வயதுவரை படிப்படியாக விரித்தார்கள். இன்று 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மாதாமாதம் போகிறது. 2020-இல் கோவிட் வந்தபோது பிள்ளைகளுக்காக அவர்கள் புதுத் திட்டம் அறிவிக்க ஓடவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கணக்குகளில் மே மாதமே கூடுதல் பணத்தைப் போட்டார்கள். ஆபத்து வருவதற்கு முன்னாலேயே வாய்க்கால் வெட்டியிருந்ததால் தண்ணீரைத் திருப்பிவிட முடிந்தது.

நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரித்தபோது தட்டை நீட்டிய பிள்ளையிடம் உன் அப்பன் என்ன ஆனான் என்று சமையல்காரம்மா கேட்கவில்லை. அதற்கு முன்னால் காமராஜர் காலத்து மதிய உணவிலும் கேட்கவில்லை. 2022-இல் வந்த காலை உணவிலும் கேட்கவில்லை. தமிழ்நாடு உலகத்துக்கே எடுத்துக்காட்டாக நிற்பது அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான். சாப்பாட்டில் கடைப்பிடித்த இந்த ஒழுங்கைப் பணத்தில் மட்டும் ஏன் கைவிட்டோம் என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

"பணம் வேண்டாம், விடுதியில் சேர்த்துவிடலாம்" என்பது மூன்றாவது பொதுக்கருத்து. இதில் நல்ல மனம் உள்ளவர்களும் விழுகிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இன்று பட்டம் வாங்கியிருக்கும் முதல் தலைமுறையில் பலர் ஜி.டி.ஆர். என்ற அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளிகளில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். ஆனால் பொதுச் சுகாதார நெருக்கடியில் முதலில் பூட்டுவது விடுதியைத்தான். 2020 மார்ச்சில் மலையிலும் கீழேயும் விடுதிகளைப் பூட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது எந்த வீட்டுக்கு? வேலைக்குப் போன எஸ்டேட்டில் தாய் தகப்பன் சிக்கிக்கொண்ட வீட்டுக்கு, வேலை இல்லாமல் திரும்பி வந்தவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்த வீட்டுக்கு. பள்ளி மூடியதும் சத்துணவும் நின்றது. அரிசியும் பருப்புமாகப் பிறகு கொடுத்தார்கள், அது வீட்டில் எல்லோர் வயிற்றுக்கும் பங்கு போனது. பிள்ளையோடு கூடவே போகும் உதவி வேண்டும். கட்டடத்தோடு கட்டிப்போட்ட உதவி கட்டடம் பூட்டிய அன்று செத்துவிடுகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: பிள்ளையை இல்லத்தில் வைப்பது மற்ற எல்லா வழியும் அடைத்த பிறகு எடுக்கும் கடைசி வழி.

கல்வராயன் மலையை இங்கே பேசாமல் விட முடியாது. கருணாபுரம் சாவுக்குப் பின் பழி முழுவதும் மலைமேல் ஏறியது. "மலைக்காரன் காய்ச்சுவதுதான்" என்றார்கள். போலீஸ் மலையேறி ஊறல் பேரல்களைக் கவிழ்த்துப் படம் எடுத்துக்கொண்டது. கருணாபுரத்தில் கொன்றது மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்து வடித்த சரக்கு அல்ல. ஆலையில் செய்த மெத்தனால், சமவெளியிலிருந்து வந்த சரக்கு. மலையில் சாராயம் காய்ச்சவே இல்லை என்று சொல்ல வரவில்லை. காய்ச்சினார்கள், அதற்காகச் சிறைக்கும் போனார்கள். அந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வர வேண்டியவர்கள்தான். ஏன் காய்ச்சினார்கள் என்று கேட்டால் கதை நீளும். சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்த மலை அது. நாடு விடுதலை அடைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1976-இல்தான் அரசின் கைக்கு வந்தது. அதுவரை அங்கே மலையாளிப் பழங்குடிக்குப் பட்டா இல்லை, நிலம் ஜாகீர்தாருடையது, உழைப்பும் ஜாகீர்தாருடையது. இன்றும் சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் வருடம் முழுவதும் சோறு போடுவதில்லை. குடகுக்கு மிளகு பறிக்கப் போகிறார்கள், கேரளத்து எஸ்டேட்டுகளுக்குப் போகிறார்கள். செம்மரம் வெட்ட ஆந்திராவுக்கு ஏஜெண்டுகள் கூட்டிப் போகும் மலைகளில் இதுவும் ஒன்று. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேர் தமிழ்நாட்டு மலைகளிலிருந்தும் மலையடிவாரங்களிலிருந்தும் போனவர்கள்தான். அவர்கள் பிள்ளைகளைப் பற்றியும் "திருடப் போனவன்தானே" என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

கருணாபுரம் சாவுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, ஆதார், ரேஷன் அட்டை, பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. நீதிமன்றம் கேட்டுத்தான் ஒரு மலைக்கு ஆதாரும் ரேஷன் அட்டையும் வர வேண்டும் என்றால், அந்த மலையில் ஒரு குழந்தை அரசின் உதவியைக் காகிதம் கொடுத்து வாங்குவது எப்படி இருக்கும்?

ஒரு குழந்தையை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்போம். வெள்ளிமலைக்கு உள்ளே நடந்து போகும் ஒரு சிற்றூர். பையனுக்குப் பதினொரு வயது. அப்பா குடகில் வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு செத்தார். அம்மா எஸ்டேட்டிலேயே இருக்கிறாள், வாங்கிய முன்பணம் கழியவில்லை. பையன் பாட்டியிடம். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் "நிதி ஆதரவு" என்று மாதம் 4,000 ரூபாய் உண்டு. திட்ட விதிப்படி இந்தப் பையன் அதற்குத் தகுதியானவன். முதலில் இறப்புச் சான்று வேண்டும். அது கர்நாடகத்தில் பதிவாகி, கன்னடத்தில் அச்சடித்து வரும், வந்தால். அதில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் அட்டையில் இன்னொரு மாதிரி. கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000-க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கைபேசிக்கு ஓ.டி.பி. வரும், பாட்டியிடம் கைபேசி இல்லை, ஊரில் டவரும் இல்லை. பள்ளியில் படிப்புச் சான்று. பையன் பெயரில் வங்கிக் கணக்கு. பிறகு கச்சிராயப்பாளையம் வழியாக மலை இறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போய் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு உட்காரும் நாளில் பையனையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பேருந்துக் காசு, ஒரு நாள் கூலி. இடையில் ஒரு நாள் தாய்மாமன் வந்து, "பையனை என்னோடு அனுப்பு, எஸ்டேட்டில் எடுபிடி வேலை இருக்கிறது" என்பார். அவர் கெட்டவர் அல்ல. அவர் கையில் ரொக்கம் இருக்கிறது, அரசு கையில் படிவம் இருக்கிறது.

"திட்டங்கள் எல்லாம் இருக்கின்றன, மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கூட்டங்களில் சொல்வார்கள். இந்த வாக்கியத்தை நான் வெறுக்கிறேன். பாட்டிக்கு விழிப்புணர்வு எல்லாம் இருக்கிறது. பேரன் பசித்துப் படுப்பதை அவளைவிட விழிப்பாகப் பார்த்தவர் யாரும் இல்லை. அவளிடம் இல்லாதது கன்னடச் சான்றிதழ்.

வைப்புத் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டு ஆண்டு பூட்டிவைக்கும் மூன்று லட்சம் நல்ல எண்ணத்தில் போட்டது, சந்தேகம் இல்லை. ஆனால் பிள்ளை படிப்பை விடுவது அந்தப் பன்னிரண்டு ஆண்டுக்குள்தான். ஒன்பதாவதில் நோட்டுக்கும் பேருந்துக்கும் செருப்புக்கும் காசு இல்லாமல் நின்றவன் 18 வயதில் வங்கிக்குப் போகும்போது மாணவனாகப் போக மாட்டான். பெண் பிள்ளையாக இருந்தால் அந்த வயதுக்குள் கழுத்தில் தாலி ஏறியிருக்கும் ஊர்கள் மலையிலும் உண்டு, அடிவாரத்திலும் உண்டு. ஒரே நாளில் குடும்பத்தின் கைக்கு வந்த பெரிய தொகையோ வேறு விதமாகக் கரையும்: கந்துவட்டிக்காரன் முதலில் வருவான், பங்காளி அடுத்து வருவான். மாதம் இரண்டாயிரமோ மூன்றாயிரமோ தவறாமல் வந்தால், அதைப் பிடுங்க ஒருவனும் வாசலில் நிற்க மாட்டான்.

2025 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு "அன்புக்கரங்கள்" என்று ஒரு திட்டம் தொடங்கியது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்; முதல் கட்டத்தில் 6,082 பிள்ளைகள். சாவு எப்படி நடந்தது என்று அது கேட்கவில்லை, இதுதான் எனக்கு அதில் பிடித்தது. கள்ளச்சாராயமோ, காசநோயோ, பாம்புக்கடியோ, எல்லாம் ஒன்று. ஆனால் இருவரும் இறந்திருக்க வேண்டும். அல்லது ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போயிருக்க வேண்டும், ஊனமுற்றிருக்க வேண்டும், சிறையில் இருக்க வேண்டும், உயிர்க்கொல்லி நோயில் படுத்திருக்க வேண்டும். புருஷன் செத்து, நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் ஓடி மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாய், உடம்பு நன்றாக இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காக வெளியே நிற்கிறாள். தகப்பன் உயிரோடு இருந்து கண் மட்டும் போன வீடும் வெளியே நிற்கிறது, அங்கே ஒருவரும் சாகவில்லையே. பழைய "அனாதை" என்ற அளவுகோலைக் கொஞ்சம் நீட்டினார்கள், தூக்கிப் போடவில்லை.

செலவு தாங்காது என்பார்கள். மாநிலம் முழுக்க இப்படி இரண்டு லட்சம் பிள்ளைகள் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், மாதம் 2,000 வீதம் ஆண்டுக்கு 480 கோடி. மேலே சொன்ன டாஸ்மாக் வருமானத்தில் நாலு நாள் வருமானம்.

பொய்க் கணக்கு எழுதுவார்கள் என்பார்கள். எழுதட்டும் என்று நான் சொல்லவில்லை. சரிபார்ப்பைப் பின்னால் வைக்கச் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் அப்பா செத்தது முதலில் தெரிவது தாலுகா ஆபீசுக்கு அல்ல, தலைமை ஆசிரியருக்கு. காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வகுப்புக்கு வரும் பையனைப் பார்த்தே தெரிந்துகொள்வார். அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதார செவிலியருக்கும் அதற்கும் முன்னால் தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் துறைப் பதிவேட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தலைமை ஆசிரியரும் செவிலியரும் கையெழுத்திட்ட அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குப் பணம் போகட்டும். அந்த மூன்று மாதத்துக்குள் சான்றிதழைத் தேடி எடுப்பது குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலையாக இருக்கட்டும், பாட்டியின் வேலையாக வேண்டாம். நூற்றில் ஐந்து பேர் பொய்யாக வாங்கினால் அரசு இழப்பது ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய். மூன்று மாதம் காகிதத்துக்குக் காத்திருந்தால் மலைப்பையன் குடகுக்குப் போய்விடுவான், அவன் பெயர் எமிஸில் "இடைநின்றவர்" என்று மாறும்.

ஆகவே கேட்பது பெரிய மாநாடோ புதுப் பெயர் வைத்த புதுத் திட்டமோ அல்ல. அன்புக்கரங்கள் அரசாணையில் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். தகுதி என்ற இடத்தில், சம்பாதிக்கும் பெரியவர் இறந்துபோன அல்லது உழைக்க முடியாமல் போன ஏழை வீட்டுப் பிள்ளை என்று எழுத வேண்டும். விண்ணப்பம் என்ற இடத்தில், பள்ளித் தலைமை ஆசிரியரின் கையெழுத்து போதும், மற்ற ஆவணங்கள் பின்னர் அலுவலகத்தாலேயே பெறப்படும் என்று எழுத வேண்டும். அடுத்த மெத்தனாலோ அடுத்த தொற்றோ வரும் நாளில் கள்ளக்குறிச்சி ஆட்சியர் செய்ய வேண்டியது, ஏற்கெனவே ஓடும் கணக்கில் அந்த மாதத் தொகையை இரட்டிப்பாக்கும் ஒரு கையெழுத்து மட்டும்.